பொம்மியைத் தேடும் கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. உன் பூனை பொம்மியைக் காணவில்லை என்ற வரிக்கு மேல் படிக்க ஓடவில்லை. கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டு அப்புறம்தான் எடுத்தேன். 15 வயது, காது மந்தம், சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து வேறு. அவள் வெளியே எங்கோ கிடக்கிறாள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உனக்கு எப்படி இருக்கும்!

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு வேலை மாற்றல் ஆகியிருக்கிறது, என் முழங்கால் வலி பரவாயில்லை. மற்றதை நேரில் பேசலாம்.

"வயசான பூனை சாகிற நேரம் வந்தால் தானே எங்கேயாவது போய்விடும், தேடாதே" என்று உன் அண்ணி சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைத் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதே. ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு தேடுகிறவர்களின் காலைக் கட்டிப்போட்டுவிடும். உடம்புக்கு முடியாத பூனை ஒளிந்துகொள்ளும், அது உண்மை. பூனை வேட்டையாடும் பிராணி, தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகிற பிராணியும்கூட. பலவீனம் வந்தால் எவர் கண்ணிலும் படாத மூலையைத் தேடிப் போய்ச் சுருண்டுகொள்வது அதன் சுபாவம். அதற்கு வலி தெரியும், பயம் தெரியும். சாவு தெரிந்து நம்மிடம் விடைபெற்றுப் போகிறது என்பது நாமாகச் சேர்த்துக்கொள்வது. பொம்மி உடம்பில் நீர் வற்றிச் சோர்ந்து கிடக்கலாம். காலில் அடிபட்டிருக்கலாம். சலைன் ஏற்றினால் எழுந்து உட்காரக்கூடிய நிலையில்கூட இருக்கலாம். அப்படிப்பட்டவளைச் சாகத்தான் போனாள் என்று விட்டுவிட முடியுமா?

வழி தவறியும் போயிருக்கலாம். மனுஷர்களுக்கு வருகிற மாதிரி மறதி நோய் வயசான பூனைகளுக்கும் வரும். ராத்திரியில் காரணமில்லாமல் கத்துவதும், பழகிய வீட்டிலேயே திசை புரியாமல் நிற்பதும் அதன் அறிகுறிகள். நான் போன தடவை வந்திருந்தபோது நடுராத்திரியில் குளியலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக் கத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? இன்னொன்று, 12 வயசு தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கும். இறங்குவதற்கு இருந்த தெம்பு ஏறுவதற்கு இருக்காது. உன் வீட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டுத் திரும்பி ஏற முடியாமல் அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கக்கூடும்.

காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் கேட்டுத் தொகுத்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் கிட்டத்தில். மூன்றில் ஒரு பங்கு பூனைகள் 7 நாளுக்குள் உயிரோடு கிடைத்துவிட்டன. உன்னிடம் மறைக்க மனசில்லை: 90 நாளுக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை மிகக் குறைவு. அதனால்தான் இந்த நாட்களை விட்டுவிடாதே என்கிறேன்.

நோட்டீஸ் ஒட்டினாய், வாட்ஸ்அப்பில் படம் போட்டாய், எல்லாம் சரி. ஆனால் குனிந்து, மண்டியிட்டு நீயே பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் "பார்த்தீங்களா" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, படிக்கட்டுக்கு அடியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். "நானே ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா" என்று கேள். மோட்டார் ரூம், பழைய சாமான் அடுக்கிய இடம், நிறுத்தியே வைத்திருக்கும் காரின் அடி, எதையும் விடாதே. ஊருக்குப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன ஷெட் ஏதாவது இருந்தால் சாவி யாரிடம் என்று விசாரி. கூப்பிட்டால் வருவாள் என்று நம்பி இருக்காதே. காது நன்றாகக் கேட்கிற பூனையே பயந்துபோனால் வளர்த்தவள் குரலுக்கும் வாய் திறக்காது. சந்தடி அடங்கிய பிறகு டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக வெளிச்சத்தை ஓட்டு. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்க இருட்டில் இருந்தாலும் கண் இரண்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

"அழுதால் அவள் போய்விட்டாள் என்று நானே முடிவு கட்டின மாதிரி ஆகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். என்னை ரொம்ப வருத்தியது அந்த வரிதான். எங்கள் பூனை கறுப்பன் காணாமல் போனபோது நானும் அப்படித்தான் இருந்தேன். பாதியாக உடைத்து வைத்த அவனுடைய தைராய்டு மாத்திரை அட்டையிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவன் வரவே இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் 1970-களில், போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசி, இந்த மாதிரித் துக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலைதான் இங்கே பாரம், அதில் தவிப்பவரிடம் குறை எதுவும் இல்லை என்பார். இரண்டையும் ஒருசேர மனசில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. ஆகவே நீ அழு. அழுதுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பு. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

அவள் படுக்கையை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். உனக்கே தோன்றுகிற வரை எடுக்காதே. "பூனைதானே" என்று சொல்கிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. 15 வருஷம் உன் காலடியில் படுத்தவள் அவள்.

கிடைத்துவிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதே. பார்ப்பதற்குத் தெம்பாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ. பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும், அதுவும் இவளுக்குச் சிறுநீரகம் வேறு சரியில்லை. ஆசையில் நிறையச் சாப்பாடு வைத்துவிடாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. டாக்டரின் நம்பரையும், அவளைத் தூக்கிப் போகிற கூடையையும் இப்போதே வாசலுக்குப் பக்கத்தில் எடுத்து வை.

சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன். மூட்டுவலி என்று நீ தடுக்காதே, குனிந்து பார்க்க என் மகன் கூட வருகிறான். அதற்குள் எந்தெந்த வீட்டில் உள்ளே போய்ப் பார்த்தாய், எதெல்லாம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதி வை. பாக்கியிலிருந்து ஆரம்பிப்போம்.

உன் அன்புள்ள,
வசந்தா