எண்ணை மட்டும் எழுது

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இம்முறை முதற்பாதி தானாக வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது, நான் எதையும் கேட்பதற்கு முன்பே "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாய். பிறகு அம்மா தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னாய். அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டுச் செய்திகள் சிலவே. அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மாடி அறைக் கதவு பழையபடிதான் இருக்கிறது. நீ வந்து திறந்தால்தான் திறக்கும் போலிருக்கிறது. மற்றவற்றை வேறொரு நாள் எழுதுகிறேன். நீ நேரத்துக்குத் தூங்க வேண்டும். உன் குரல் தூங்காதவனின் குரலாக இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சில மாதங்களாக உன் நலத்தை நான் உன்னிடம் கேட்டு அறிவதில்லை. போட்டி அட்டவணையைப் பார்த்து அறிகிறேன். நீ விரும்பும் அணி வென்ற மறுநாள் அம்மாவுக்கு உன்னிடமிருந்து அழைப்பு வருகிறது. தோற்றால் மூன்று நாள் மௌனம். வீட்டு முன்பணம், நண்பனின் மருத்துவச் செலவு, மடிக்கணினிப் பழுது என்று நீ என்னிடம் பணம் கேட்ட மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, அவற்றுக்கு எதிரே முந்தைய இரவில் முடிந்த ஆட்டங்களை எழுதினேன். அதற்குமேல் அந்தத் தாளில் எழுத எதுவும் இருக்கவில்லை. மூன்று முறையும் பணம் அனுப்பினேன், மூன்று முறையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

2018 ஆகஸ்டில் டோட்டா என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலின் ஐந்து ஆட்ட இறுதியை நாம் இருவரும் சேர்ந்து பார்த்தோமே, அது நினைவிருக்கிறதா? டோட்டா என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த ஓஜி அணி, பிஎஸ்ஜி எல்ஜிடி அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த வேளையில், விளையாட்டின் எந்த நாயகப் பாத்திரத்தை யார் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அந்தத் தேர்வு முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு எப்படிப் பலிக்கும் என்று நீ எனக்கு விளக்கி, ஓஜிதான் வெல்லும் என்றாய். நான்காவது ஆட்டத்தையும் ஐந்தாவது ஆட்டத்தையும் வென்று அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். எனக்கு அந்த அணியைப் பற்றி ஒரு பெருமையும் இல்லை. உன்னைப் பற்றித்தான் பெருமை. அந்தப் பெருமையில் என் வாய் ஒரு வாக்கியத்தைச் சொன்னது: "பணம் கட்டியிருந்தால் இந்நேரம் எவ்வளவு வந்திருக்கும்!" நீ சிரித்தாய். அந்த எண்ணம் உனக்குத் தோன்றியிராத வயது அது. அதை முதலில் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான்.

2021இல், அதே போட்டியின் இறுதியில், நீ முதன்முதலாகப் பெரிய தொகை கட்டியது அதே எல்ஜிடி அணியின் மீது என்று பின்னால் ஊகித்துக்கொண்டேன். பூஜ்யத்துக்கு இரண்டு என்றிருந்து இரண்டுக்கு இரண்டு வரை வந்து, ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்பிரிட் அணியிடம் தோற்றார்கள். மொத்தமாகத் தோற்றிருந்தால்கூட உனக்கு நல்லதாக இருந்திருக்கும். அந்த இரண்டு ஆட்ட மீட்சிதான், "என் கணிப்பு சரி, நேரம்தான் சரியில்லை" என்று உன்னை நம்ப வைத்திருக்கும்.

உன் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆட்டத்தைப் படிப்பதில் உனக்கு நிகரானவர் சிலரே இருப்பார்கள். ஆனால் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நீ. இந்தக் கணக்கை மட்டும் ஏன் போட்டுப் பார்க்கவில்லை? சரிசமமான இரண்டு அணிகளுக்கு, வென்றால் கட்டியதற்கு 1.90 மடங்கு என்று பந்தயம் நடத்துகிறவர்கள் விகிதம் போடுகிறார்கள். இருபுறமும் நூறு நூறு விழுந்தால் உள்ளே வருவது 200, வெளியே போவது 190. அந்தப் பத்து, யார் வென்றாலும் அவர்களுடையது. 100 ஆட்டங்களில் 53 ஆட்டங்களையாவது சரியாகச் சொன்னால்தான் உனக்குக் கை நட்டம் இல்லை. நான்கு ஆட்டங்களைக் கோத்து, நான்கும் வென்றால்தான் பணம் என்று கட்டும் காம்போவில் நியாயமாக 16 மடங்கு தர வேண்டியவர்கள் 13 மடங்குதான் தருகிறார்கள். அணியைப் பற்றி நீ தெரிந்துவைத்திருப்பதெல்லாம் அந்த விகிதத்தைப் போடுகிறவனுக்கும் தெரிந்ததே. ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயம் இதைவிட மோசம்: நீ பார்க்கும் ஒளிபரப்பு தாமதித்து வருகிறது, ஆட்டத்தின் தரவு அவர்களுக்கு நேரடியாகப் போகிறது. ஆட்டத்தில் எதிரி நாயகனை முதலில் வீழ்த்தும் அந்த முதல் கொலை யாருக்கு என்று நீ யோசிக்கும்போது அவர்கள் திரையில் அது முடிந்திருக்கலாம்.

உன் நண்பன் ஒருமுறை குடும்பக் குழுவில் தவறுதலாக "322" என்று மட்டும் எழுதி அழித்தானே, அதன் பொருளையும் தேடிப் படித்தேன். 2013இல் ஒரு டோட்டா ஆட்டக்காரர் தன் அணிக்கு எதிராகத் தானே 100 டாலர் கட்டினார். அதற்கு வரவிருந்த 322 டாலர்தான் இன்றுவரை விலைபோன ஆட்டத்துக்கெல்லாம் பெயராக நிற்கிறது. நீ ஆராய்ந்து ஆராய்ந்து பணம் கட்டும் ஆட்டத்தில் உள்ளே இருப்பவனே எதிர்ப்பக்கம் கட்டியிருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது. அவருக்கு விதித்த வாழ்நாள் தடையைப் பிறகு ஓராண்டாகக் குறைத்தார்கள், திரும்பி வந்து பெரிய அணிக்குத் தலைமை தாங்கினார் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன்.

இவ்வளவு விவரம் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ இந்நேரம் கேட்டிருப்பாய். இதற்குமேல் சுற்றி வளைப்பதில் பொருளில்லை.

நானும் ஒரு பந்தயச் செயலியில் கணக்கைத் திறந்தேன். நீ மூன்றாவது முறை பணம் கேட்ட வாரத்தில் அது நடந்தது. உன் கடனுக்கு வேண்டிய தொகையை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னைவிட எனக்கு நிதானம் அதிகம் என்றும் எண்ணினேன். முதல் பந்தயம் வென்றது. அன்று இரவு அம்மாவிடம் நெடுநேரம் சிரித்துப் பேசினேன், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்டாள். சேர்ந்த தொகையை எடுக்கப் போனபோது, அவர்கள் தந்த போனஸைப் பல மடங்கு திருப்பிக் கட்டினால்தான் எடுக்க முடியும் என்று திரையில் வந்தது. கட்டினேன். போனதை மீட்கக் கட்டினேன், மீட்டதைக் காக்கக் கட்டினேன். பேரனின் பிறந்தநாளன்று எல்லோரும் கூடத்தில் இருக்க, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, ஆட்டக்காரர்களின் பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத ஓர் அணிக்காகக் கை நடுங்க நின்றேன். பதினொரு வாரம் இப்படிப் போயிற்று. உங்கள் இருவர் பெயரிலும் சமமாகப் போட்டுவைத்த வைப்புநிதியில், உன் பங்கு ஏற்கெனவே உனக்கு வந்துவிட்டதால், அக்காவின் பங்கை முறித்தேன். அது அவளுக்குத் தெரியாது. மாற்றலாகிப் போகுமுன் அந்தப் பணத்தைப் பற்றிப் பேச வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆகவே உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நேரத்துக்குத் தூங்கு என்று சொல்வதை நிறுத்த முடியவில்லை. தூக்கமில்லாத இரவுகளில்தான் நான் பெருந்தொகைகளைக் கட்டினேன் என்பதால் சொல்கிறேன். கணக்கை நிரந்தரமாக மூடும்படி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டையில் இத்தகைய கட்டணங்கள் போகாதபடி வங்கியில் தடுத்துவைத்தேன். அதற்குப் பிறகும் ஒருநாள் இரவு வேறொரு செயலியின் முகப்பு வரை போய்த் திரும்பினேன். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும்.

என் வங்கி அறிக்கையின் பதினொரு வாரப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்க்க வேண்டாம், அடியில் நானே கூட்டி எழுதியிருக்கிறேன். பதிலுக்கு நீ விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். யாரிடம் எவ்வளவு என்ற மொத்தத்தை, அந்த ஓர் எண்ணை மட்டும் எழுது. கடன் செயலிகளில் வாங்கியதும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் குறைத்து எழுதாதே. முதல் முறை அம்மாவிடம் சொல்ல ஒத்திகை பார்த்தபோது நான் குறைத்துத்தான் சொல்லிப் பார்த்தேன்.

இன்றிரவு அம்மாவிடம் என் பங்கைச் சொல்லப்போகிறேன், நாளை அக்காவிடம். உன்னைப் பற்றி என் வாயால் எதையும் சொல்ல மாட்டேன். அம்மா உன்னை அழைத்து என்னைப் பற்றி அழுதால், தெரியாதவன்போல் இராதே.

வரும் சனிக்கிழமை அரையிறுதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அது தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் உன்னை அழைப்பேன்.

இப்படிக்கு,
அப்பா