கவாத்துத் திடலில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் கேடட் பிரிவின் ஆண்டு அணிவகுப்பு நல்லபடியாக நடந்து முடிந்தது. அணித்தலைவன் என்பதால் பாராட்டெல்லாம் என்னிடமே வந்து சேர்ந்தது. அதை உரியவர்களிடம் ஒப்படைக்கவே இந்த மடல்.

முதலில் பயிற்சியாளர் ஐயா. ஓர் எட்டுக்கு, அதாவது ஒரு காலடிக்கு, 30 அங்குலம்; நிமிடத்துக்கு 120 எட்டு. சொல்வதற்கு ஒரு வரிதான். அதை எங்கள் கால்களுக்குப் புரியவைக்க அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. கட்டளையின் முன்பாதியை இழுத்துச் சொல்லி, கடைசிச் சொல்லை வெட்டிச் சொல்லவும் அவரே கற்றுத்தந்தார். அந்த இழுப்பில்தான் பின்வரிசை ஆயத்தமாகிறது.

பெரிய முரசு அடித்த தங்கைக்கு மூன்று வரிசைகளும் கடன்பட்டிருக்கின்றன. அவர் அடிக்க, எங்கள் இடது கால் விழுந்தது. அவ்வளவுதான் எங்கள் சாமர்த்தியம்.

வலது ஓரத்தில் முன்னால் நடந்த வழிகாட்டிக்குத் தனி நன்றி. மேடையைக் கடக்கும்போது எல்லோரும் தலையை வலப்பக்கம் திருப்பி மரியாதை செலுத்துவோம். அவர் மட்டும் நேரே பார்த்தபடி நடக்க வேண்டும். அவரும் திரும்பினால் அணி கோணிவிடும். ஆக, சிறப்பு விருந்தினர் யாரென்று கடைசிவரை பார்க்காமலேயே அவருக்கு மரியாதை செய்தவர் இவர்.

உயர வரிசைப்படி பிரித்தபோது நடுவில் மாட்டிக்கொண்ட குட்டையான கேடட்டுகளும் பார்வையாளர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். நெட்டைக் கால்களின் எட்டுக்கு ஈடுகொடுத்து நடந்த அவர்களுக்கு என் சல்யூட். அணி வளைந்து திரும்பியபோது உள்முனையில் இருந்தவர்கள் எட்டைக் குறுக்கி, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நடந்தார்கள். வெளிமுனையின் வீச்சை எல்லோரும் புகழ்ந்தார்கள். கோடு உடையாமல் காத்தது உள்முனைதான்.

முதலுதவிக் குழுவினர் சொன்னபடி பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தோம். முழங்காலை விறைப்பாக வைக்கவில்லை. நீண்ட உரைகளுக்கு நடுவிலும் ஒருவரும் மயங்கி விழவில்லை. (உரைகளைச் சுருக்கும் வித்தை அவர்களிடம் இல்லை.)

விடியுமுன் சுண்ணாம்புக் கோடு போட்ட திடல் ஊழியர்கள், சீருடைக்குக் கஞ்சி போட்ட பெற்றோர், மாதக்கணக்கில் எங்கள் அதிகாலைக் கூச்சலைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் நன்றி.

மூத்த கேடட்டுகள் இரவல் தந்த வெள்ளைக் கையுறைகளைத் துவைத்து வைத்திருக்கிறோம். அடுத்த கவாத்து நாளில் வந்து பெற்றுக்கொள்ளலாம். ஜோடி சேர்ப்பது அவரவர் பொறுப்பு.

நன்றியுடன்,
அணித்தலைவன்