ஆண்டறிக்கை: பெரிய விண்கப்பல் கிட் தேடுவோருக்கான குறிப்புகளுடன்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அளவு மாதிரி கட்டுவோர் சங்கத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைச் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதாந்தரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஏர்பிரஷ் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. கண்காட்சி அறிக்கையையும் வரவு செலவையும் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுக்க உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்த ஒரே கேள்விக்கு ஒதுக்குகிறேன்: “பெரிதாகவும் இருக்க வேண்டும், திரையில் பார்த்தது போலவே அச்சு அசலாகவும் இருக்க வேண்டும்; எந்த விண்கப்பல் கிட்டை (நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டியை) வாங்கலாம்?”

செயற்குழுவின் பதில், முதலில் ஒரு எதிர்க்கேள்விதான். திரையில் பார்த்தது எந்த மாதிரியை? விமானத்துக்கோ போர்க்கப்பலுக்கோ அசல் ஒன்று உண்டு; அளந்து பார்க்கலாம். விண்கப்பலுக்கு அசல் என்பதே படப்பிடிப்பு மாதிரிதான். அதுவும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்டார் வார்ஸ் படங்களின் மில்லினியம் ஃபால்கனுக்கு 1977 படத்துக்காகச் செய்த மாதிரி சுமார் 5 அடி. 1980 படத்துக்குப் புதிதாகச் செய்தது 32 அங்குலம். முதலாவதில் தரையிறங்கு கால்கள் மூன்று, அடுத்த படத்தில் ஐந்து. மேற்பரப்புத் துணுக்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. ஸ்டார் ட்ரெக் தொடரின் என்டர்பிரைஸ்-டி கப்பலுக்கு 1987இல் 6 அடி மாதிரி வந்தது. பிறகு 4 அடி மாதிரி ஒன்றும் சேர்ந்தது. சிறியதில் மேற்பரப்புத் தகடுகள் புடைத்துத் தெரியும், பெரியதில் அப்படி இல்லை. 1979 ஸ்டார் ட்ரெக் படத்தின் என்டர்பிரைஸ் முத்துப் பூச்சோடு பளபளத்தது. பின்னணியை மாற்ற நீலத்திரை முன் எடுக்கும் படப்பிடிப்புக்கு அந்தப் பளபளப்பு இடைஞ்சலாக இருந்ததால் 1982 படத்துக்கு அதை மங்கலாக்கிவிட்டார்கள். ஆகவே “அச்சு அசல்” என்று சொல்பவர் எந்தப் படம், எந்த மாதிரி என்பதையும் சொன்னால்தான் பேச்சு நகரும். இதை முடிவு செய்யாமல் வாங்குகிறவர் பாதி வேலையில் கிட்டைக் குறை சொல்லத் தொடங்குவார். கிட் வேறொரு மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும்.

அடுத்தது அளவு. பெட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். கப்பலின் கற்பனை நீளத்தை விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். அசல் ஸ்டார் ட்ரெக் தொடரின் என்டர்பிரைஸ் 289 மீட்டர். 1/350இல் சுமார் 83 செ.மீ. திரைப்பட வடிவம் 305 மீட்டர்; அதே விகிதத்தில் 87 செ.மீ. இரண்டையும் போலார் லைட்ஸ் நிறுவனம் கிட்டாகக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் என்டர்பிரைஸ்-டி 642 மீட்டர். அதை 1/350இல் கேட்கும் உறுப்பினர்கள், கேட்பது 1.83 மீட்டர் நீளப் பொருளை என்று தெரிந்துதான் கேட்கிறார்களா என்பது செயற்குழுவுக்கு ஐயம். ஏஎம்டி நிறுவனம் அதை 1/1400இல், சுமார் 46 செ.மீ.யில் தந்தது. அறை, கதவு, அலமாரி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான்.

நீளம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். பெயின்ட், மறைப்பு நாடா, தேய்ப்புத்தாள் எல்லாம் நான்கு மடங்கு. கெட்டியான ரெசின் (அச்சில் வார்க்கும் பிசின்) என்றால் எடை எட்டு மடங்கு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் வேண்டும் என்பவர்களுக்கே மேற்கொண்டு வரும் குறிப்புகள்.

நம்பிக்கையோடு பரிந்துரைக்கக் கூடியவை சில. போலார் லைட்ஸின் 1/350 அசல் தொடர் என்டர்பிரைஸில் தொடருக்கு முன் எடுத்த இரண்டு சோதனைப் படங்களின் (பைலட்) வடிவத்துக்கும் தொடரின் வடிவத்துக்கும் தனித்தனிப் பாகங்கள் உண்டு. தொடங்கும் முன் எது என்று தீர்மானித்து மற்ற பாகங்களைத் தனிப் பையில் போட்டுவிட வேண்டும். பண்டாயின் 1/72 ஃபால்கன் 48 செ.மீ., 2017இல் வந்தது, 1977 மாதிரியைப் பின்பற்றியது, பசையின்றிப் பொருந்தும். இன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே திரைக்கு மிக நெருங்குவது இதுதான் என்பது என் கருத்து. 1980 படத்தின் 32 அங்குல மாதிரியை அதே அளவில் விரும்புவோருக்கு, டி அகோஸ்தினி வார இதழோடு பகுதி பகுதியாகத் தந்த 100 இதழ்த் தொடர் இருக்கிறது. முன்பு வாங்கியவர்களிடமிருந்து வாங்குவதானால் 100 இதழ்களையும் எண்ணிச் சரிபாருங்கள். நடுவில் ஒரு இதழ் விட்டுப்போனால் அந்த ஒன்றைத் தனியே தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

1975இல் தொடங்கிய ‘ஸ்பேஸ்: 1999’ தொலைக்காட்சித் தொடரின் ஈகிள் விண்கலத்துக்கு எம்பிசி தரும் 1/48 கிட் 22 அங்குலம். படப்பிடிப்பில் பயன்பட்ட பெரிய மாதிரி 44 அங்குலம். சரியாகப் பாதி. அதனால் ஸ்டுடியோ மாதிரியின் படத்திலிருந்து எடுக்கும் எந்த அளவையும் இரண்டால் வகுத்தால் போதும். இந்த வசதி வேறு கிட்டுகளில் அரிது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் டிஸ்கவரி கப்பலுக்கு மோபியஸின் 1/144 கிட் சுமார் ஒரு மீட்டர். அந்தக் கப்பலின் 54 அடிப் படப்பிடிப்பு மாதிரி இன்று இல்லை, படத்துக்குப் பின் அழிக்கப்பட்டது. அதனால் திரைக் காட்சிகளையும் நிழற்படங்களையும் நம்பியே சரிபார்க்க முடியும். ஸ்டார் வார்ஸ் போர்க்கப்பலான ஸ்டார் டெஸ்ட்ராயருக்கு ஸ்வெஸ்டாவின் கிட் 1/2700, 60 செ.மீ. ஜப்பானிய அசைவூட்டத் தொடரின் விண்கப்பலான யமாட்டோவுக்குப் பண்டாயின் 1/350 கிட் சுமார் 77 செ.மீ.; ‘யமாட்டோ 2199’ என்ற மறுஆக்கத் தொடரின் வடிவம் வேண்டுமென்றால் 1/500, 66.6 செ.மீ.

வாங்கும்போது அதிகம் ஏமாற்றுவது பெட்டியில் அச்சிட்ட ஆண்டு. அது பல நேரம் உரிமம் பெற்ற ஆண்டு அல்லது மறுவெளியீட்டு ஆண்டு. பாகங்களை வார்க்கும் அச்சை வெட்டிய ஆண்டு அல்ல. ஏஎம்டியின் 18 அங்குல என்டர்பிரைஸ் 1966இல் பிறந்தது. புதுப் புது அட்டைப்படங்களோடு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அட்டைப்படம் மாறினால் அச்சு மாறியதாக ஆகாது. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களின் (ஸ்ப்ரூ) படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே வழி. என்டர்பிரைஸின் வட்டத் தட்டின் மேற்பரப்பில் ஆழமாகச் செதுக்கிய கட்டக் கோடுகள் இருந்தால் அது பழைய அச்சாகவோ, கோடுகளை மிகைப்படுத்திய அச்சாகவோ இருக்கும். அசல் தொடரின் 11 அடிப் படப்பிடிப்பு மாதிரியில் அந்தக் கோடுகள் பென்சிலால் இழுத்தவை, பள்ளம் கிடையாது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2016இல் அதைப் புதுப்பித்தபோது தட்டின் மேல்பக்கத்து அறுபதுகளின் மூலப் பூச்சைத் தொடாமல் சுத்தம் மட்டும் செய்தது. நிறம் பற்றிய வாக்குவாதம் எழுந்தால் அந்த மேல்பக்கத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அம்மாதிரியின் இடப்பக்கம் விளக்குக் கம்பிகள் நுழையும் பக்கம். விவரங்கள் முழுமையாகச் செய்யப்படவில்லை. கிட்டில் இரண்டு பக்கமும் முழுமையாக இருப்பதைப் “பிழை” என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். சொன்னது சரிதான், ஆனாலும் யாரும் அதை மாற்றப்போவதில்லை.

பெட்டி கைக்கு வந்ததும் பசையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை: எல்லாச் சட்டங்களையும் வழிகாட்டியோடு ஒப்பிட்டு எண்ணுதல், ஓரங்களில் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாத பாகம் உண்டா என்று பார்த்தல், பெரிய தட்டுகளைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து வளைவு பார்த்தல். வளைந்திருந்தால் சுமார் 70 டிகிரி நீரில் சிறிது நேரம் மூழ்கவைத்து, சமதளத்தில் எடை வைத்து ஆறவிடலாம். கொதிநீர் கூடாது, கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீன் 100 டிகிரிக்கு நெருங்கும்போது இளகி, மெல்லிய ஓரங்கள் முதலில் கெடும். பழைய டீக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துத் தாள்) மஞ்சளாகியிருந்தால் வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். நீரில் போடும் முன் ஒரு ஓரத்துச் சிறு எழுத்தைச் சோதித்துப் பாருங்கள்; உடைந்தால் முழுத் தாளுக்கும் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றாக நெருக்கி வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

பெரிய கிட்டில் உண்மையான எதிரி எடையும் நெம்புகோலும். என்டர்பிரைஸில் நீண்ட எஞ்சின் குழல்கள் மெல்லிய தூண்களின் நுனியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒட்டிய அன்று நேராக நிற்கும். சில மாதங்களில் தொங்கும். பிளாஸ்டிக் மெதுவாக நெகிழ்வதுதான் காரணம், பசை விட்டுப்போனதல்ல. மறுபடி ஒட்டுவதால் பயனில்லை. தூணுக்குள் பித்தளைக் குழாயோ தகடோ வைத்து, அதன் அடி முனையை உடற்பகுதிக்குள் எபாக்சிப் பசையில் பதித்துக் குறுக்குத் தடுப்போடு பூட்ட வேண்டும். அந்தக் குழாய் வழியாகவே விளக்குக் கம்பியும் போகலாம் என்பது கூடுதல் லாபம். டிஸ்கவரியின் நீண்ட முதுகெலும்புக்கும் இதே மருந்து: முழு நீளத்துக்கும் ஒரே உலோகத் தண்டு. இரண்டு துண்டுகளாக வைத்தால் இணையும் இடத்தில் மடங்கும். தாங்கியைக் கடைசியில் யோசிக்கக் கூடாது. நாடா போட்டுப் பாகங்களைத் தற்காலிகமாகச் சேர்த்து, ஒரு பென்சில் மேல் வைத்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்து, மூடுவதற்கு முன் அந்த இடத்தின் உள்ளே நட்டு ஒன்றைப் பதித்துவிட வேண்டும்.

விளக்கு வைப்பவர்களுக்கு: உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை மறிக்கும், வெள்ளை அதை உள்ளேயே பரப்பும். கறுப்பைத் தவிர்த்தால் இருட்டில் கப்பலின் சுவரே ஒளிர்ந்து, காகித விளக்கு மாதிரி தெரியும். ஜன்னல் கண்ணாடிப் பாகங்கள் பொருந்தும் விளிம்புகளில் பூச்சு ஏறினால் உள்ளே நுழையாது. முன்கூட்டியே நாடா ஒட்டுங்கள். மின்சாரக் கணக்கு எளிது. 12 வோல்ட் இணைப்பில் வெள்ளை எல்.இ.டி. மூன்றைத் தொடராக இணைத்தால் ஒன்றுக்கு சுமார் 3.2 வீதம் 9.6 வோல்ட் போகும், மீதி 2.4 வோல்ட்டுக்கு, 15 மில்லிஆம்பியரில், 160 ஓம் மின்தடை. ஒவ்வொரு மூன்றுக்கும் தனி மின்தடை வேண்டும். பல வரிசைகளுக்குப் பொதுவாக ஒன்றை வைத்தால் ஒரு வரிசை அணையும்போது மற்றவை அதிக மின்னோட்டம் வாங்கிச் சாகும். ஸ்டார் டெஸ்ட்ராயர் போன்றவற்றுக்கு ஒளியிழைதான் வழி: 0.25 மி.மீ. இழைக்கு 0.3 மி.மீ. துளை. இழையைச் சூப்பர் பசையால் ஒட்டாதீர்கள், நொறுங்கிவிடும். வெள்ளைப் பசை போதும். மூடுவதற்கு முன் ஓரிரவு முழுக்க எரியவிட்டுப் பாருங்கள். மூடியபின் அணைந்த விளக்கை மாற்ற ரம்பம்தான் வேண்டும்.

பூச்சில் ஒன்று மட்டும் சொல்கிறேன். திரைப்பட என்டர்பிரைஸின் பின்னல் தகட்டுக் கோலத்துக்கு வெட்டிய வினைல் மறைப்புகள் கிடைக்கின்றன. வண்ணங்களுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றால் தெரிந்து, இரண்டு எட்டு பின்னால் போனால் மறைய வேண்டும். கண்காட்சிக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சதுரங்கப் பலகையாகி விடுவதற்கு, முதல் பூச்சிலேயே கோலம் தெரிய வேண்டும் என்ற அவசரம்தான் காரணம்.

பிளாஸ்டிக் கிட் வெளிவராத கப்பல்களுக்கு ரெசின் கிட், அல்லது முப்பரிமாண அச்சு. ரெசினைச் சோப்பு நீரில் கழுவாமல் பூசினால் அச்சு எண்ணெய் மேல் பெயின்ட் நிற்காது, நாடாவோடு உரிந்து வரும். ஸ்டைரீன் சிமென்ட் ரெசினைப் பிடிக்காது. எபாக்சியோ சூப்பர் பசையோ வேண்டும். தேய்ப்பது எப்போதும் நீர் தொட்டு, முகக்கவசத்தோடு. திரவ ரெசினில் அச்சிட்ட உள்ளீடற்ற பாகங்களுக்கு வடிகால் துளைகள் இரண்டு இல்லாவிட்டால், உள்ளே தங்கிய இறுகாத ரெசின் பெயின்ட் அடித்த பிறகு கசியும், சுவரையும் பிளக்கும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிட்டால் வளைந்த தட்டின் மேல் படிக்கட்டுக் கோடுகள் விழும். நிரப்புப் பூச்சும் தேய்ப்பும் மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். கிடைக்கும் கோப்புகள் எந்த மாதிரியைப் பார்த்து வரையப்பட்டவை என்ற பழைய கேள்வி இங்கும் பொருந்தும்.

பிறர் செய்த ரெசின் கிட்டை அனுமதியின்றி நகலெடுத்து விற்பது பற்றிச் செயற்குழுவில் விரிவாகப் பேசப்பட்டது. இந்த நகல்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றுச் சுருங்கும், கூரிய ஓரங்கள் மழுங்கும், காற்றுக் குமிழிகள் பெருகும். அசல் ஸ்டைரீன் பாகத்தோடு சேர்த்தால் பொருந்தாது. நேர்மையை ஒருபுறம் வைத்தாலும், அளவு துல்லியம் கேட்கிறவருக்கு இது சரிப்படாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, வரும் கண்காட்சியிலிருந்து விண்கப்பல் பிரிவில் ஒவ்வொரு மாதிரியின் பெயர் அட்டையிலும் எந்தப் படம், எந்த ஆண்டு, எந்தப் படப்பிடிப்பு மாதிரி என்று குறிப்பிட வேண்டும். நடுவர்கள் அதை வைத்தே மதிப்பிடுவர். இரண்டு, அனுமதியற்ற நகல் கிட்டுகளுக்குப் போட்டி மேசையில் இடமில்லை. மூன்று, 60 செ.மீ.க்கு மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டுவருவோர் அதற்கான தாங்கியையும் சுமக்கும் பெட்டியையும் தாங்களே கொண்டுவர வேண்டும். சங்கத்தின் மேசைகள் 75 செ.மீ. அகலம் மட்டுமே என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இவற்றின் மீது விவாதத்தைத் தொடங்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்