கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்துக்குப் பார்வையாளர்களை அழைக்கும் முன்

தமிழ்நாடு வனத்துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அந்தமானின் சுவராஜ் தீவில் மூச்சுக்குழல் (ஸ்நார்கெல்) மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளின் மேல் மிதந்து, காட்டுப் பறவைகளையும் கண்டு திரும்புகிற எங்கள் ஊர்க்காரர்கள், நம் தஞ்சைக் கரையோரத்து மல்லிப்பட்டினத்திலேயே இதற்கு ஏற்பாடு செய்யக் கூடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான், எனக்கும் அது உண்டு. ஆயினும் அந்தக் கடலுக்குரிய முறை இந்தக் கடலுக்குப் பொருந்தாது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

இங்கிருப்பது ஆழங்குறைந்த கடல்; அதன் அடியில் வளர்வது கடற்புல். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அரசு அறிவித்தது, அந்தப் புல்லை மேயும் உயிருக்காகத்தான். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும் கடற்பசு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்; அந்த நேரத்தில் விசைப்படகு பாய்ந்து வந்தால், மெல்ல நீந்தும் அந்த விலங்கால் விலக முடியாது. ஒரு குட்டியை ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஈனும் தாய், அடுத்ததை ஈனப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஓர் இழப்பே பெரிய இழப்பு.

மிதப்பவர்களாலும் கேடு உண்டு. மார்பளவு நீரில் களைத்தவுடன் காலூன்றத்தான் தோன்றும். ஊன்றிய இடத்தில் புல் பெயரும், கிளம்பும் சேறு வெயிலை மறைக்கும், வெயிலின்றிக் கடற்புல் வளராது.

ஆகவே, புல்வெளியின் மேல் நீந்தவும் இயந்திரப் படகு ஓட்டவும் அனுமதிக்க வேண்டாம். துடுப்பு வள்ளத்தில் சிலரை மட்டும், உள்ளூர் மீனவரே அழைத்துச் செல்லட்டும். வலையில் சிக்கிய கடற்பசுவை, தம் வலையை அறுத்து விடுவித்தவர்கள் அவர்கள். அதற்காக வனத்துறையே அவர்களுக்குப் பரிசளித்திருக்கிறது. வருமானமும் அவர்களுக்கே சேர வேண்டும். கடற்பசுவைக் காட்டுவதாக எந்த விளம்பரமும் கூடாது. வாக்குக் கொடுத்த படகோட்டி அதைத் துரத்தத் தொடங்கிவிடுவார். நீர் கலங்கிக் கிடக்கும் வாடைக் காலத்தில் பயணமே வேண்டாம். அப்போது வருபவர்களைக் கோடியக்கரைக்கு அனுப்பினால் பூநாரையும் வெளிமானும் காண்பார்கள், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டைப் பார்ப்பார்கள்.

உரிமம் வழங்குமுன் கரையோர ஊர்களின் மீனவர்களை மல்லிப்பட்டினம் அருகிலுள்ள மனோரா கோபுரத்துக்கு அழைத்து, எந்தெந்த இடங்களில் புல் அடர்ந்திருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து ஊர்தோறும் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பகுதிக் கரையோரவாசி