தம்பியைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும்

கோண்டாவில்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். தம்பிக்குச் சளி குறைந்துவிட்டது. அன்றைக்கு நீ போன் எடுத்தபோது அம்மா பக்கத்தில் நின்றதால் சிலதைக் கதைக்க முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பும்படி மாமாவின் மகனிடம் கொடுப்பேன்.

லண்டன் வேலையை விட்டுவிட்டு வந்து, எழும்பி நடக்க ஏலாத தம்பியைப் பார்க்கட்டோ என்று கேட்டாய். வேண்டாம், பிள்ளை. உன் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். இப்போது இந்த வீட்டில் களைத்துப்போய் இருப்பவர்கள் இரண்டு பேர். நீ வந்தால் மூன்று பேராகிவிடுவோம், நீ அனுப்புகிற காசும் நின்றுவிடும்.

உண்மையில் தம்பியை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். 95 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளிக்கிட்ட அந்த இடம்பெயர்வில் அவனுக்கு இரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தில் அந்தச் சனத்துக்குள்ளே அவனைத் தோளை விட்டு இறக்காமல் கைதடி வரைக்கும் நடந்தவள் அவள். உனக்கும் நினைவிருக்கும், நீ என் சைக்கிள் கரியரில் இருந்தாய். அன்று தூக்கியவள் இன்றைக்கும் தான்தான் தூக்க வேண்டும் என்று நிற்கிறாள். அவனோ முப்பத்திரண்டு வயது ஆம்பிளை. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது நான் முழங்காலுக்குக் கீழே பிடிப்பேன், அம்மா அக்குளுக்குள் கை கொடுப்பாள். “ஒன்று, இரண்டு” என்று அவள் எண்ணத் தொடங்கியதுமே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அப்படித்தான், சந்தோசம் வந்தாலும் தசை இறுகும். அந்த நேரத்தில்தான் அவளுக்கு நாரி பிடிக்கிறது. இனித் தூக்கவே கூடாது என்று பிசியோ சொல்லிவிட்டார். பெட்சீற்றை மடித்து அவனுக்குக் கீழே விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து மாற்றுகிற முறையையும் காட்டித் தந்தார். நான் அப்படிச் செய்கிறேன். அவள் நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பழையபடி தூக்குகிறாள்.

இரவும் நிம்மதி இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டாவிட்டால் நாரிக்குக் கீழே தோல் சிவந்துவிடும். அது படுக்கைப் புண்ணானால் லேசில் ஆறாது. ஆளுக்குப் பாதி இரவு என்றுதான் பேச்சு. ஆனால் என் முறைக்கும் அவள் எனக்கு முன்னமே எழும்பி நிற்பாள்.

லண்டனில் ஒருவரைக் கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்த்தால், பார்க்கிற ஆளுக்கே ‘கெயரர்ஸ் அலவன்ஸ்’ கொடுக்கிறார்கள் என்று சொன்னாயே. அம்மாவுக்கு அந்த 35 மணித்தியாலம் திங்கள், செவ்வாயிலேயே முடிந்துவிடும். இங்கே தம்பியின் பேரில் வருகிற மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. நல்ல விசயம்தான், குறை சொல்லவில்லை. பாதி பம்பர்ஸுக்கே போய்விடுகிறது, அது வேறு கதை. ஆனால் அம்மாவின் பேரில் நிரப்புவதற்கு ஒரு படிவமும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்கு வீல் செயார் ஏறக்கூடிய வழி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதியும் வந்தது. போன மாதம் ஒரு கந்தோருக்குத் தம்பியைக் கூட்டிப் போனோம். வாசலில் மூன்று படி. உள்ளேயிருந்த உத்தியோகத்தர் இறங்கி வந்து, ஓட்டோவுக்குள் தலையை நீட்டித் தம்பியைப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்து வைத்தார். நல்ல மனிசன். இருந்தாலும் அந்த மூன்று படி அங்கேயேதான் கிடக்கிறது.

சரி, நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். உரும்பிராயிலிருந்து ஒரு பெடியன் காலையில் வந்து குளிப்பாட்டி, கதிரையில் இருத்திவிட்டுப் போகிறான். உன் காசில்தான் அவனுக்குச் சம்பளம். ஆளைத் தூக்கி மாற்றுகிற ஹொயிஸ்ட் மெசின் வாங்கி அனுப்பட்டோ என்று கேட்டாய், அது எங்கள் அறைக்குள்ளே திரும்பாது. மெசினை விட எங்களுக்குக் கைதான் தேவை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் என்றால் செயற்கைக் கால் மட்டும்தான் என்று நானும் நெடுகவும் நினைத்திருந்தேன். 1987 இலிருந்து இங்கே இருக்கிறார்கள், வீல் செயாரும் கொடுக்கிறார்கள். தம்பியின் கதிரை விசயமாக அங்கே போய்க் கதைக்க இருக்கிறேன்.

உன் கலியாண விசயமும் ஒன்று இருக்கிறது. தரகர் போன கிழமையும் வந்தார். தம்பியைப் பற்றிப் “பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்” என்றார். முதல் நாளே சொல்லுங்கள், அதைக் கேட்டு விலகுகிறவர்கள் விலகட்டும் என்றேன். நீ அங்கே யாரையாவது பார்த்து வைத்திருந்தாலும் அப்படியே செய். தம்பிக்காகக் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறேன் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதே. அதைக் கேட்க எனக்கு ஏலாது.

எங்களுக்குப் பிறகு யார் என்று நீ கேட்கவில்லை, ஆனால் நினைக்கிறாய் என்று தெரியும். நீ வந்தால் நேரில் இருந்து மாமாவையும் வைத்துக்கொண்டு கதைப்போம். எழுத்தில் முடிகிற விசயமில்லை அது.

இப்போது உன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சின்னம்மா அம்மாவைத் திருகோணமலைக்கு ஒரு கிழமை வந்து நிற்கச் சொல்கிறா. அம்மா இந்த வீட்டுக்கு வெளியே கடைசியாய் இரவு தங்கினது, உன்னை வழியனுப்பக் கொழும்புக்கு வந்த அன்றைக்குத்தான். போ என்றால், “அவன் என் கையால்தான் விழுங்குவான்” என்கிறாள். அது பொய். நிமிர்த்தி இருத்தி, தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து, சின்னக் கரண்டியால் வாயில் வைத்து, விழுங்கும் மட்டும் காத்திருந்தால் என் கையாலும் சாப்பிடுகிறான். ரேடியோவில் கிரிக்கெட் போக வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட்டு முடிந்து அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இரவுக்கும் அந்தப் பெடியன் நிற்க ஓம் என்றுவிட்டான்.

நான் சொன்னால் சண்டையில்தான் முடியும். நீ ஞாயிற்றுக்கிழமை எடுத்து, சின்னம்மாவையும் லைனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் புக் பண்ணியாச்சு என்று சொல்லிவிடு. ரிக்கெற்றை நான் சனிக்கிழமையே எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா