மக்டஃபை அழ விடுங்கள்

மதுரைக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தை மேடையேற்றும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். போன வருடம் உங்களில் ஒரு குழு தமிழில் நடத்திய மேக்பெத்தைப் பார்த்தேன். வாள் சண்டை அருமை. ஆனால் முதல் அங்கம் ஏழாம் காட்சியில், அரசன் டங்கனைக் கொல்ல மனமில்லாமல் பின்வாங்கும் மேக்பெத்திடம் "துணிந்தபோதுதான் நீ ஆம்பளை" என்று மனைவி சொன்னதும் அரங்கில் விசில் பறந்தது. அதற்குச் சற்று முன்பு, "ஆண்மகனுக்குத் தகுந்ததை எல்லாம் செய்யத் துணிவேன், அதைத் தாண்டித் துணிகிறவன் ஆண்மகனே இல்லை" என்று மேக்பெத் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நாடகம் முழுக்க அவன் பேசியதிலேயே சரியான பேச்சு அதுதான். அந்தக் காட்சி முடிவதற்குள் அதைக் கைவிட்டும் விடுகிறான்.

எனக்கு மேலூர் பக்கம். வரப்புத் தகராறு ஒன்றில் என் சித்தப்பா மகனை டீக்கடையில் வைத்து ஒருவர், "மீசை மட்டும் இருந்தாப் போதுமாடா?" என்று கேட்டார். பேசித் தீர்த்திருக்கலாம். அன்று இரவே அரிவாளோடு போனான். வெட்டுப்பட்டவருக்கு இன்றும் இடது கை விளங்கவில்லை. இவன் சிறையில். சித்தி பஸ் ஏறிப் போய் மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். அதனால்தான் அந்த விசில் எனக்குப் பொறுக்கவில்லை.

பழியை மனைவி தலையில் மட்டும் கட்டாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் பிடிக்கும் மேக்பெத்தும் இதே தூண்டிலைத்தான் போடுகிறான். "நாங்களும் ஆண்கள்தான்" என்கிறார்கள் அவர்கள். நாயில் எத்தனையோ வகை, நீங்கள் எந்த வகை என்று கேட்கிறான். தன்மேல் விழுந்த சாட்டையை எடுத்து அடுத்தவன்மேல் வீசுகிறான்.

1623 இல் அச்சேறிய ஸ்காட்லாந்துக் கதை, நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. நாடகத்தின் கடைசிப் போரில் மகன் செத்தான் என்று கேட்ட கிழத் தளபதி சிவார்டு, காயம் முன்பக்கம்தானே என்று விசாரித்து மனம் ஆறுகிறார். புறநானூறு 278 இல் நச்செள்ளையார் பாடிய தாயும் அப்படித்தான். மகன் புறங்காட்டினான் என்று ஊரார் சொல்ல, அது உண்மையானால் பாலூட்டிய முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்தவனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைப் பெருமையோடு ஒப்பித்தவள் நான். சித்தியைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

சரி, நான் கேட்க வந்தது ஒன்றுதான். நேரம் போதவில்லை என்று நீங்கள் வெட்டியது நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி. மேக்பெத் ஏவிய ஆட்களால் மனைவி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி, அவனை எதிர்க்கும் பிரபு மக்டஃபுக்கு வருகிறது. எல்லோருமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான், தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்து ஒரே பாய்ச்சலில் கொண்டுபோய்விட்டதா என்கிறான். ஆண்மகனாக இதை எதிர்கொள் என்கிறான் டங்கனின் மகன் மால்கம். "செய்கிறேன். ஆனால் ஆண்மகனாக இதை உணரவும் வேண்டும்" என்கிறான் மக்டஃப். அப்புறம் அவனும் வாளைத்தான் எடுக்கிறான். ஆனாலும் அழுதுவிட்டு எடுக்கிறான்.

அந்தக் காட்சியைத் திரும்பச் சேருங்கள். நடிக்கிற தம்பி அவசரப்பட வேண்டாம். யாராவது விசிலடித்தால் அது அடங்கும்வரை நின்று, பிறகு அந்த வரியைச் சொல்லட்டும். தேதி முடிவானதும் சொல்லுங்கள், சித்தியையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
மேலூரிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி