நீல நிலாவும் அத்திப்பூவும்

அன்புள்ள மகளுக்கு,

வேலைக்கான விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாயே, படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'தான் லீவு எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய்.

அர்த்தத்தில் தப்பில்லை. எப்போதோ ஒருமுறை என்பதற்கு அப்படிச் சொல்வதுதான். ஆனால் அது வாய்ப்பேச்சுக்கான தொடர் அம்மா. "நீ சினிமாவுக்கெல்லாம் போவாயா?" என்று தோழி கேட்டால் தாராளமாகச் சொல். விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குக் கணக்கு வேண்டும். போன வருஷம் எத்தனை நாள் எடுத்தாயோ அதையே எழுது. இன்னொன்று, நடக்கவே நடக்காத விஷயத்துக்கும் இதைச் சொல்லக் கூடாது. அபூர்வமாகவாவது நடக்க வேண்டும்.

எவ்வளவு அபூர்வம் தெரியுமா? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29.5 நாள். 1ஆம் தேதியே பௌர்ணமி வந்துவிட்டால் மாதக் கடைசிக்குள் இன்னொன்றும் வந்துவிடும். அந்த இரண்டாவதைத்தான் இப்போது ப்ளூ மூன் என்கிறார்கள். 19 வருஷத்தில் ஏழெட்டுத் தடவைதான் வரும். பிப்ரவரியில் வர வழியே இல்லை. இந்த விளக்கம்கூட, 1946இல் அமெரிக்க வானியல் பத்திரிகை ஒன்றில் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதிலிருந்து பரவியதுதான். தொடர் அதற்கும் மூத்தது.

2023 ஆகஸ்ட் கடைசியில் அப்படி ஒரு நிலா வந்தபோது வெளியே போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் துளியும் இல்லை. கீழே இருக்கும்போது லேசான மஞ்சள், மேலே ஏற ஏறப் பால் வெள்ளை. நிஜமாகவே நீலமாகத் தெரிந்த காலமும் உண்டு. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தூசி வானமெல்லாம் பரவியபோது பல இடங்களில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

நாம் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். அத்திக்காயைப் பிட்டுப் பார், உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக நெருங்கி நிற்பதெல்லாம் பூதான். அத்தி பூக்காமல் இல்லை, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். தோழியிடம் தமிழில் பேசும்போது இதைச் சொல்லிப் பார், எவ்வளவு அழகாக உட்காருகிறது என்று உனக்கே தெரியும்.

சரி, அந்த வரியை மாற்றிவிட்டு மறுபடி அனுப்பு. ராத்திரியே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா